லூட்டில் பார் கார்ட் பிடிக்கக் கற்றல்

லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்திக் கருவியைப் பழகத் தொடங்கிய சில மாதங்களில், வெறும் தந்திகளின் துணையோடு பிடிக்கும் எளிய கார்ட்கள், அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டங்கள், கைக்கு வந்துவிட்ட பிறகு, சுட்டுவிரல் ஒன்றையே பல தந்திகளின் குறுக்கே கிடத்திப் பிடித்தாக வேண்டிய ஓரிடம் ஏதாவது ஒரு நடன இசைத் துணுக்கில் எதிர்ப்படும். இதைத்தான் பார் கார்ட் என்கிறோம். அதுவரை இயல்பாக வாசித்துக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தத் தொடங்குவார்; பாதித் தந்திகள் ஒலிக்காது, மீதி பிசிறடிக்கும், கட்டைவிரலின் அடியில் வலி ஏறும். விரலில் வலு போதவில்லை என்று அவர் முடிவுகட்டுவது பெரும்பாலும் தவறு. பார் கார்ட் வலுவைவிடக் கணக்கையே அதிகம் சார்ந்தது. சுட்டுவிரல் எந்தத் தந்திகளை உண்மையில் ஒலிக்கவைக்க வேண்டும், எவற்றை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன, எவற்றை வலக்கை மீட்டப்போவதே இல்லை என்று முதலில் பிரித்தறிந்துவிட்டால், எல்லாத் தந்திகளையும் ஒருசேர நசுக்க வேண்டிய தேவையே எழாது.

இந்தக் கட்டுரையில் மறுமலர்ச்சிக் கால லூட்டையே மனத்தில் கொண்டிருக்கிறேன். அதில் தந்திகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இணைகளாக அமைந்திருக்கும். மிக உயர்ந்த ஒலி தரும் 1ஆம் இணை மட்டும் பெரும்பாலும் ஒற்றைத் தந்தியாக இருக்கும். ஜி லூட் எனப்படும் பரவலான வகையில், கனத்த 6ஆம் இணையிலிருந்து மெல்லிய 1ஆம் இணை வரை ஜி, சி, எஃப், ஏ, டி, ஜி என்று சுருதி கூட்டுவார்கள். கார்ட்களை இதே வரிசையில், 6ஆம் இணை முதல் 1ஆம் இணை வரை ஆறு எண்களாக எழுதுகிறேன். சுழியம் என்றால் வெறும் தந்தி, மற்ற எண்கள் மெட்டு எண்கள், பெருக்கற்குறி என்றால் அந்த இணையை மீட்ட வேண்டாம். ஃப்ரெட் என்பதற்கு வீணைக்காரர்கள் சொல்லும் மெட்டு என்ற சொல்லையே கையாள்கிறேன். கிட்டார் வைத்திருப்பவர்கள் 3ஆவது தந்தியை அரைச்சுரம் இறக்கி, 3ஆம் மெட்டில் கேப்போ என்ற, எல்லாத் தந்திகளையும் குறுக்கே அழுத்தும் கவ்வியைப் போட்டால் இதே சுருதி வரிசை கிடைக்கும். விரல் வடிவங்களை அதிலும் பழகலாம். ஆனால் இரட்டைத் தந்தியின் சிக்கல்களை லூட்டில்தான் சந்திக்க முடியும்.

கருவியை முதலில் சரிபார்த்தல்

பார் கார்ட் வராததற்குக் கருவியே காரணமாக இருப்பதும் உண்டு. 3ஆம் மெட்டில் ஓர் இணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதே இணைக்கும் 1ஆம் மெட்டுக்கும் இடையில் இருக்கும் வெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுக்கு வெளி இருந்தால் போதும். அதைவிடக் கணிசமாக அதிகம் என்றால், பிரடைகளுக்கு முன்னால் தந்திகளைத் தாங்கும் நட் என்ற சிறு மேடு உயரமாக இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட கருவியில் முதல் இரண்டு மெட்டுகளில் பார் பிடிப்பது தேர்ந்த கலைஞருக்கும் துன்பம்தான். நட்டில் தந்தி அமரும் பள்ளங்களை ஆழப்படுத்துவது கருவி செய்பவரின் வேலை. ஒரு தடவை அதிகமாக அராவிவிட்டால் தந்தி மெட்டில் உரசத் தொடங்கிவிடும் என்பதால் அதை நாமே செய்து பார்ப்பது உகந்ததல்ல.

லூட்டின் மெட்டுகள் உலோகத்தால் அடித்துப் பதித்தவை அல்ல. விலங்குக் குடல் நரம்பையோ நைலானையோ கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டியவை. கழுத்தில் பொதுவாக எட்டு மெட்டுகள் கட்டப்பட்டிருக்கும். பார் பிடிக்கும்போது ஒரு மெட்டின் மீது அதன் முழு நீளத்திலும் அழுத்தம் விழுவதால், முடிச்சுத் தளர்ந்த மெட்டு இடம் பெயர்ந்துவிடும். பிடி சரியாக இருந்தும் சுருதி விலகுவதற்கு இது ஒரு காரணம். மெட்டை விரலால் தள்ளிப் பாருங்கள். எளிதாக நகர்ந்தால் மறுபடி கட்ட வேண்டும். கழுத்து பிரடைப் பக்கம் குறுகியும் உடல் பக்கம் அகன்றும் இருப்பதால், உரிய இடத்துக்குச் சற்று முன்பாகப் பிரடைப் பக்கத்தில் கட்டி, பிறகு உடலை நோக்கித் தள்ளினால் முடிச்சு தானே இறுகும். மெட்டில் தந்தி பதிந்த தழும்புகள் ஆழமாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. அந்தப் பள்ளத்தில் தந்தி அமர்ந்தால் எவ்வளவு அழுத்தினாலும் ஒலி தெளியாது. முடிச்சின் முனைகளைக் கருக்கி விடும்போது அவை கூராக நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிச்சு கழுத்தின் கனத்த தந்திப் பக்க ஓரத்தில் இருக்கும், பார் பிடிக்கும் சுட்டுவிரலின் நுனி வந்து நிற்பதும் அங்கேதான். நான் முதன்முறையாக மெட்டு கட்டியபோது இதைக் கவனிக்காமல் விட்டதால், ஒரு வாரம் விரல் நுனியில் கீறலோடு வாசிக்க வேண்டியிருந்தது.

கருவியைப் பிடிக்கும் கையும் கார்ட் பிடிக்கும் கையும்

லூட்டின் உடல் பேரிக்காயை இரண்டாகப் பிளந்தது போல முதுகு உருண்டு இருப்பதால், அது மடியில் நிலைத்து நிற்காது. இடக்கை கழுத்தைத் தாங்கிக்கொண்டே பார் பிடிக்க முயன்றால் இரண்டும் கெடும். ஆகையால் தோள் வாரையோ, தொடையில் வழுக்காத மென்தோல் துண்டு ஒன்றையோ பயன்படுத்தி, இடக்கையை முழுவதுமாக எடுத்துவிட்டாலும் கருவி அசையாமல் இருக்கும் நிலையை முதலில் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கழுத்து தரைக்கு இணையாகக் கிடக்காமல் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் இடது மணிக்கட்டு வளையாமல் இருக்கும். வலது முன்கை லூட்டின் விளிம்பில் தன் எடையோடு சாய்ந்திருக்கட்டும். இந்த எடைக்குப் பின்னால் வேறு வேலை இருக்கிறது, அதற்கு விரைவில் வருகிறேன்.

கட்டைவிரல் கழுத்தின் பின்புறம், சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் ஏறத்தாழ எதிரே, மென்மையாகப் படிந்திருக்க வேண்டும். கிட்டாரிலிருந்து வருபவர்கள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் இடுக்கியின் இரு தாடைகளாக்கிக் கழுத்தைக் கவ்விப் பிடிப்பதை அடிக்கடி பார்க்கலாம். லூட்டின் கழுத்து மெல்லியதும் அகன்றதும் ஆகையால், அப்படிக் கவ்வும்போது கட்டைவிரலின் அடித்தசை விரைவில் களைத்துப்போகும். அழுத்தம் தோளிலிருந்து தொங்கும் கையின் எடையிலிருந்து வர வேண்டும். முழங்கையை லேசாகப் பின்னுக்கு இழுப்பதாக எண்ணிக்கொண்டால், விரல் தானாகவே மெட்டுப் பலகையை நோக்கி இறங்கும். அவ்வாறு இழுக்கும்போது உருண்டை முதுகுடைய கருவி தன் அச்சில் திரும்பப் பார்க்கும். அதை எதிர்த்து நிறுத்துவதுதான் வலது முன்கையின் எடை. கட்டைவிரலைக் கழுத்திலிருந்து முற்றிலும் விலக்கிவிட்டு ஒரு பார் கார்ட்டை ஒலிக்கவைத்துப் பாருங்கள். கருவி நிலையாக இருந்தால் அது முடியும். முடிந்துவிட்டால், இத்தனை நாள் கட்டைவிரல் வீணாக எவ்வளவு உழைத்தது என்பது ஒரு நொடியில் விளங்கிவிடும்.

சுட்டுவிரலின் எந்தப் பக்கம்

சுட்டுவிரலின் உட்புறம் சதைப்பற்றானது, மூட்டுகளில் மடிப்புக் கோடுகளும் உள்ளன. தந்தி அந்த மடிப்பில் விழுந்தால் எவ்வளவு அழுத்தினாலும் அது பள்ளத்தில் ஒளிந்துகொள்ளும். எனவே விரலைத் தட்டையாகக் கிடத்தாமல், கட்டைவிரலை நோக்கிய அதன் பக்கவாட்டு ஓரத்துக்குச் சற்றே உருட்டிக்கொள்ள வேண்டும். எலும்பு தோலுக்கு அருகில் இருக்கும் ஓரம் அது. முழங்கையை உடலை நோக்கி ஓரிரு விரற்கடை நெருக்கினாலே இந்த உருட்டல் இயல்பாக நிகழ்ந்துவிடும். மணிக்கட்டை முறுக்க வேண்டியதில்லை. பிறகு விரலை மெட்டின் பின்னால், அதை ஒட்டியே, ஆனால் அதன் மேல் ஏறாமல் வையுங்கள். மெட்டிலிருந்து அரை விரல் தள்ளிப் போனாலும் தேவையான அழுத்தம் கூடிவிடும்.

விரல் நுனி 6ஆம் இணையோடு நின்றுவிட வேண்டும். ஏழு, எட்டு இணைகள் கொண்ட லூட்டில் நுனி சற்று நீண்டாலும் 7ஆம் இணையைத் தொட்டு ஊமையாக்கிவிடும். அந்த இணை பெரும்பாலும் வெறும் தந்தியாகவே, அதே கார்ட்டுக்கு அடித்தளமாக மீட்டப்படுவதால், நுனியின் எல்லை முக்கியமாகிறது. மேலும், விரலை ஒரே நேர்கோடாக விறைக்க வேண்டும் என்றும் இல்லை. நடுவில் லேசாக வளைந்து, நுனியும் அடிப்பகுதியும் அழுத்த, நடுப்பகுதி தளர்வாக இருந்தாலும் பல கார்ட்களுக்கு அதுவே போதும். ஏனென்பது அடுத்த பகுதியில் தெரியும்.

அரை பாரில் தொடங்குவது

முதல் பயிற்சியை 1ஆம் மெட்டில் தொடங்குவது கிட்டத்தட்ட எல்லோரும் செய்யும் தவறு. நட்டுக்கு அருகில் தந்தி மிக விறைப்பாக இருக்கும். மெட்டுகளுக்கு இடையிலான தூரமும் அங்கேதான் அதிகம். அதிரும் தந்தி நீளம் 60 செ.மீ. உள்ள லூட்டில் நட்டிலிருந்து 1ஆம் மெட்டு ஏறத்தாழ 3.4 செ.மீ. தள்ளியிருக்கும், 4ஆம் மெட்டுக்கும் 5ஆம் மெட்டுக்கும் இடையிலோ 2.7 செ.மீ. மட்டுமே. ஆகவே 5ஆம் மெட்டில், நான்கு இணைகளை மட்டும் கொண்ட சி மைனர் கார்ட்டோடு தொடங்குங்கள்: ×-×-7-6-5-5. சுட்டுவிரல் 5ஆம் மெட்டில் 1ஆம், 2ஆம் இணைகளின் மேல் கிடக்கும், நடுவிரல் 3ஆம் இணையின் 6ஆம் மெட்டில், மோதிர விரல் 4ஆம் இணையின் 7ஆம் மெட்டில் வரும். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு மெட்டு என்று இயல்பாக அமையும் வடிவம் இது. சுட்டுவிரல் 3ஆம் இணையின் மீதும் நீண்டு கிடக்கலாம், ஆனால் அங்கே அது அழுத்தத் தேவையில்லை. அந்த இணையை நடுவிரல் மேலே பிடித்திருக்கிறது.

முதலில் சுட்டுவிரலை மட்டும், துளியும் அழுத்தாமல், தந்திகளைத் தொட்டுக்கொண்டு கிடத்தி வலக்கையால் மீட்டுங்கள். டொக் என்று மழுங்கிய ஒலி வரும். மீட்டுவதை நிறுத்தாமல், அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போங்கள். மழுங்கல் பிசிறாகும், பிசிறு ஒரு கட்டத்தில் தெளிந்த சுரமாகும். தெளிந்த அந்தக் கணத்திலேயே நின்றுவிடுங்கள். அதற்கு மேல் கூட்டும் ஒவ்வொரு துளியும் வீண். வீண் மட்டுமல்ல, கேடும்கூட. லூட்டின் தனித் தந்தி ஒன்றின் இழுவிசை பொதுவாக 3 கிலோ அளவில்தான் இருக்கும், கிளாசிக்கல் கிட்டார்த் தந்தி ஒன்றில் அது 6 முதல் 8 கிலோ வரை போகும். இவ்வளவு தளர்ந்த தந்தியை மெட்டுக்குப் பின்னால் மிகையாக அமுக்கினால் சுருதி உடனே ஏறிவிடும். கார்ட்டின் எல்லாச் சுரங்களும் ஒலிக்கின்றன, ஆனாலும் ஏதோ புளித்துப்போனது போல் கேட்கிறது என்றால், அழுத்தத்தைக் குறைத்துப் பார்ப்பதே முதல் மருந்து.

இரட்டைத் தந்தியின் குணம் இந்த இடத்தில்தான் வெளிப்படும். ஓர் இணையை மீட்டும்போது இரண்டில் ஒன்று மட்டும் தெளிவாக ஒலித்தாலும், காது அதைக் கார்ட்டாக ஏற்றுக்கொண்டு ஏமாந்துவிடும். எனவே பயிற்சியின்போது வலக்கையின் ஒரு விரல் நுனியால் இணையின் ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே தட்டிப் பார்க்க வேண்டும். ஆறு இணைகளிலும் பார் பிடிக்கும் நிலைக்கு வரும்போது இந்தச் சோதனை இன்னும் முக்கியமாகிறது, ஏனெனில் பல லூட்களில் 6ஆம், 5ஆம் இணைகளில் கனத்த தந்தி ஒன்றும் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்தி ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். விரல் கனத்த தந்தியின் மீது ஏறி நின்றுகொள்ள, மெல்லியது அதன் நிழலில் அரைகுறையாக அழுத்தப்பட்டு ‘ட்ஸ்’ என்று மட்டும் சொல்லும். விரலை அரை மில்லிமீட்டர் அளவுக்கு உருட்டினால் அது தெளியும், ஆனால் அழுத்தத்தைக் கூட்டினால் தெளியாது. இந்த வேறுபாட்டை விரல் ஒருமுறை உணர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உண்மையில் லூட் வாசிப்பவர் ஒற்றை விரல் நுனியால் ஓர் இணையின் இரு தந்திகளையும் சேர்த்து அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு குட்டி பார் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

5ஆம் மெட்டில் இந்த அரை பார் நாள் ஒன்றுக்கு ஐந்து நிமிடப் பயிற்சியில் தெளிந்ததும், அதே வடிவத்தை ஒரு மெட்டு கீழிறக்கி 4ஆம் மெட்டுக்கும், பிறகு 3ஆம், 2ஆம் மெட்டுகளுக்கும் கொண்டுவாருங்கள். 2ஆம் மெட்டில் ×-×-4-3-2-2 என்ற ஏ மைனர் கிடைக்கும். நடுவிரலை எடுத்துவிட்டு 3ஆம், 4ஆம் இணைகளை 4ஆம் மெட்டில் பிடித்தால் ×-×-4-4-2-2, அது ஏ மேஜர். மறுமலர்ச்சிக் காலத்து இசையில் நீங்கள் சந்திக்கப்போகும் பார்களில் கணிசமானவை இப்படி இரண்டு மூன்று இணைகளோடு முடிந்துவிடுபவைதான்.

முழு பார்

முழு பாருக்கு நான் பரிந்துரைக்கும் முதல் வடிவம் 2-4-4-3-2-2, அதாவது ஆறு இணைகளிலும் ஏ மைனர். சுட்டுவிரல் 2ஆம் மெட்டின் குறுக்கே கிடக்க, நடுவிரல் 3ஆம் இணையின் 3ஆம் மெட்டிலும், மோதிர விரல் 5ஆம் இணையின் 4ஆம் மெட்டிலும், சுண்டு விரல் 4ஆம் இணையின் 4ஆம் மெட்டிலும் அமரும். இப்போது கணக்கைப் போடுங்கள். 5, 4, 3 ஆகிய மூன்று இணைகளை மற்ற விரல்கள் எடுத்துக்கொண்டுவிட்டதால், சுட்டுவிரல் ஒலிக்கவைக்க வேண்டியவை 6, 2, 1 ஆகிய மூன்று இணைகள் மட்டுமே. நுனி ஒரு வேலை செய்கிறது, அடிப்பகுதி ஒரு வேலை செய்கிறது, நடுப்பகுதி சும்மா கிடக்கிறது. விரல் சற்று வளைந்திருக்கலாம் என்று முன்னர் சொன்னதன் காரணம் இதுதான். முழு நீளத்துக்கும் சமமாக அழுத்தும் பழக்கத்தை விட்டு, நுனியையும் அடிப்பகுதியையும் மட்டும் நினைத்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள். கையின் இறுக்கம் கண்கூடாகக் குறையும்.

இதன் மேஜர் வடிவம் 2-4-4-4-2-2. கிட்டாரில் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்கும். அங்கே மூன்று விரல்கள் இரண்டு மெட்டுகளில் பிரிந்து நிற்கும், இங்கே 5, 4, 3 ஆகிய மூன்று இணைகளும் ஒரே மெட்டில் வந்து நெருக்கியடிக்கின்றன. நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் என்ற வரிசையில் அவற்றை வைத்து, கையை லேசாகச் சாய்த்துக்கொண்டால் சுண்டு விரல் மெட்டை ஒட்டியும் நடுவிரல் சற்றுப் பின்தங்கியும் நிற்கும். பின்தங்கும் நடுவிரல் 5ஆம் இணையில் பிசிறடிப்பதுதான் இந்தக் கார்ட்டின் வழக்கமான குறை. விரல்கள் தடித்திருப்பவர்கள் 5ஆம் இணையை விட்டுவிட்டு 2-×-4-4-2-2 என்று வாசிப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. அடிச்சுரம் 6ஆம் இணையில் இருக்கிறது, மற்ற சுரங்கள் மேலே இருக்கின்றன, விடுபட்டது ஏற்கனவே 2ஆம் இணையில் ஒரு ஸ்தாயி மேலே ஒலித்துக்கொண்டிருக்கும் இ சுரம்தான். வலக்கைப் பெருவிரல் 5ஆம் இணையைத் தாண்டிச் செல்லவும், மற்ற விரல்கள் தங்கள் இணைகளை மட்டும் மீட்டவும் பழகிக்கொண்டால் போதும்.

மூன்றாவதாகக் கற்க வேண்டியது 5ஆம் இணையில் அடிச்சுரம் கொண்ட வடிவம். 4ஆம் மெட்டில் ×-4-6-7-5-4 என்று பிடித்தால் இ மைனர். நடுவிரல் 2ஆம் இணையின் 5ஆம் மெட்டில், மோதிர விரல் 4ஆம் இணையின் 6ஆம் மெட்டில், சுண்டு விரல் 3ஆம் இணையின் 7ஆம் மெட்டில். சுட்டுவிரலின் பொறுப்பு 5ஆம், 1ஆம் இணைகள் மட்டும். இதையே 2ஆம் மெட்டுக்கு இறக்கினால் ×-2-4-5-3-2 என்ற டி மைனர் ஆகும். ஆனால் 60 செ.மீ. தந்தியில் 2ஆம் மெட்டுக்கும் 5ஆம் மெட்டுக்கும் இடையே 8.5 செ.மீ. தூரம் இருப்பதால், சிறிய கை உள்ளவர்கள் அங்கே அவசரப்பட்டுப் போக வேண்டாம். விரல்கள் விரிய வேண்டும் என்பதற்காகச் சுட்டுவிரலைத் தலைப்பக்கம் இழுக்காமல், நடுவிரலையும் மோதிர விரலையும் மையமாக வைத்து, இரு ஓர விரல்களும் இரு பக்கமும் நீளுமாறு கையை அமைப்பதே சரி.

பிடிக்கும் வரிசையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. சுட்டுவிரலை முதலில் கிடத்தி, அதை இறுக்கி, பிறகு மற்ற விரல்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே எல்லோரும் இயல்பாகச் செய்வது. மெதுவான பயிற்சியில் அது சரிதான், ஆனால் இசையில் அதற்கு நேரம் கிடையாது. கார்ட்டைப் பிடித்தபடி எல்லா விரல்களையும் ஒரே சமயத்தில் ஒரு மயிரிழை உயர்த்தி, வடிவம் கலையாமல் அப்படியே திரும்ப இறக்கும் பயிற்சியை ஒவ்வொரு புது வடிவத்துக்கும் பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். அதன்பின் அதே வடிவத்தை வெறும் தந்திக் கார்ட் ஒன்றோடு மாற்றி மாற்றிப் பிடியுங்கள். 0-2-2-1-0-0 என்ற ஜி மைனருக்கும் 2-4-4-3-2-2 என்ற ஏ மைனருக்கும் இடையே போய் வருவது நல்ல தேர்வு. ஜி மைனரைச் சுட்டுவிரல் இல்லாமலேயே, நடு, மோதிர, சுண்டு விரல்களால் பிடித்தால், அது பார் கார்ட்டில் அந்த மூன்று விரல்களும் நிற்கும் அதே வடிவம்தான் என்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டு மெட்டுகள் ஏறிச் சுட்டுவிரலை அருகில் கிடத்தினால் வேலை முடிந்தது.

நுனியை மடக்கும் சிறு பார்

இ-பிளாட் மேஜர் தனிக் கவனம் பெற வேண்டிய கார்ட்: ×-3-2-1-1-0. இதில் சுட்டுவிரல் 1ஆம் மெட்டில் 3ஆம், 2ஆம் இணைகளை, அதாவது நான்கு தந்திகளை, பிடிக்க வேண்டும். அதே வேளையில் 1ஆம் இணை வெறும் தந்தியாக ஒலிக்க வேண்டும். விரலை முழுமையாகக் கிடத்தினால் 1ஆம் இணை செத்துவிடும். எனவே விரல் நுனி மூட்டை உள்நோக்கி வளைக்காமல் வெளிப்புறமாகச் சரியவிட்டு, நுனித் திண்டு மட்டும் நான்கு தந்திகளின் மீதும் படிய, நடு மூட்டு உயர்ந்து 1ஆம் இணைக்கு மேல் ஒரு சிறு வளைவாக நிற்க வேண்டும். எல்லோருடைய மூட்டும் இப்படிப் பின்னோக்கி மடங்காது. மடங்காதவர்கள் 1ஆம் இணையையும் சேர்த்துச் சுட்டுவிரலைக் கிடத்தி, சுண்டு விரலால் 1ஆம் இணையின் 3ஆம் மெட்டைப் பிடித்து ×-3-2-1-1-3 என்று வாசிக்கலாம். கார்ட் அதேதான், மேல்சுரம் மட்டும் ஜி என்பதற்குப் பதில் பி-பிளாட் ஆகும். இசையின் மேல்வரி ஜி-யைக் கேட்டால் மட்டுமே முதல் வடிவத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

1ஆம் மெட்டின் வில்லங்கம்

1ஆம் மெட்டில் ஏ-பிளாட் மேஜரை, 1-3-3-3-1-1 என்று, சரியாகப் பிடித்தும் அது சுருதி சேராமல் ஒலித்தால் உங்கள் விரலைக் குறை சொல்வதற்கு முன் மெட்டு எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய இசையை வாசிப்பவர்களில் பலர் எல்லா அரைச்சுரங்களும் ஒரே அளவாக இருக்கும் சம சுருதிக்குப் பதிலாக மீன்டோன் என்ற பழைய முறையில் மெட்டுகளை வைப்பார்கள். அந்த முறையில் அரைச்சுரங்கள் எல்லாம் ஒரே அளவு அல்ல. அதன் ஒரு வகையான கால்-காமா மீன்டோனில் சிறிய அரைச்சுரம் ஏறத்தாழ 76 சென்ட், பெரியது ஏறத்தாழ 117 சென்ட் (சம சுருதியின் அரைச்சுரம் 100 சென்ட்). 60 செ.மீ. தந்தியில் சிறியதற்கான மெட்டு நட்டிலிருந்து சுமார் 2.6 செ.மீ. தூரத்திலும், பெரியதற்கானது சுமார் 3.9 செ.மீ. தூரத்திலும் வரும். 1ஆம் மெட்டில் 5ஆம், 4ஆம் இணைகள் பொதுவாக சி-ஷார்ப், எஃப்-ஷார்ப் சுரங்களுக்காகச் சிறிய அரைச்சுரத்தைக் கேட்கின்றன. 3ஆம், 2ஆம் இணைகள் பி-பிளாட், இ-பிளாட் சுரங்களுக்காகப் பெரியதைக் கேட்கின்றன. ஒரே மெட்டு இரண்டையும் எப்படித் தரும்? சிலர் மெட்டைச் சாய்த்துக் கட்டுவார்கள், அப்போது சுட்டுவிரலும் அதே சாய்வில் கிடக்க வேண்டும். சிலர் தேவையான இணைகளுக்கு அடியில் மட்டும் சிறு மரத்துண்டு ஒன்றைக் கூடுதல் மெட்டாக ஒட்டிக்கொள்வார்கள். ஷார்ப் சுரங்களுக்காக வைக்கப்பட்ட மெட்டில் ஏ-பிளாட் பார் பிடிப்பது வீண் முயற்சி. கற்கும் காலத்தில் மெட்டுகளைச் சம சுருதியில் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

டாப்லேச்சரைப் பார்த்ததும் அறிவது

டாப்லேச்சர் எனப்படும் லூட் இசைக் குறிமுறை எந்த இணையில் எந்த மெட்டு என்பதைச் சொல்லுமே தவிர, பார் பிடிக்க வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. ஒரு சுரம் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதையும் தனித்தனியே சொல்லாது. இத்தாலிய முறையில் எண்களும் பிரெஞ்சு முறையில் எழுத்துகளும் வரும். எதுவாயினும் கார்ட்டின் மிகச் சிறிய மெட்டு எண் இணைக்கு ஒன்றாக வரையப்படும் கோடுகளில் ஒன்றுக்கொன்று அடுத்து இல்லாத இரண்டில் வந்து, அவற்றுக்கு இடையில் வெறும் தந்தி எதுவும் மீட்டப்படாமல் இருந்தால், அங்கே பார் பிடிக்க இடமுண்டு. இடையில் வெறும் தந்தி இருந்தால் பார் நடக்காது, தனி விரல்களைத்தான் தேட வேண்டும். கார்ட்டை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் போதாது. ஒரு கார்ட்டைத் தனி விரல்களால் எளிதாகப் பிடித்துவிடலாம், ஆனால் அடுத்த இரண்டு சுரங்கள் அதே மெட்டின் வேறொரு இணையில் வருகின்றன, அதற்குள் அடிச்சுரமும் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால், முதலிலேயே பாராகக் கிடத்திவிடுவது கையைக் காப்பாற்றும். இதற்கு நேர்மாறாக, பார் போட்ட கையோடு அடுத்த தாளப் பகுதியில் வெறும் தந்தி வரும்போது, விரலின் அடிப்பகுதியை மட்டும் கதவு திறப்பது போல உயர்த்தி 1ஆம் இணையை விடுவித்து, நுனியைக் கீழ் இணையில் அப்படியே விட்டுவைக்கலாம், அடிச்சுரம் அறுபடாது.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பரவிய பரோக் லூட்டை எடுத்துக்கொள்பவர்களுக்கு இங்கே கற்ற விரல் அமைப்பு உதவும், வடிவங்கள் உதவா. அதன் மேல் ஆறு இணைகள் ஏ, டி, எஃப், ஏ, டி, எஃப் என்று சுருதி கூட்டப்படுவதால், வெறும் தந்திகளே டி மைனர் கார்ட்டாக ஒலிக்கும். சுட்டுவிரலை மட்டும் 2ஆம் மெட்டில் கிடத்தினால் இ மைனர், 5ஆம் மெட்டில் ஜி மைனர். மற்ற விரல்கள் எதுவும் உதவிக்கு வராத பார் என்பதால், இதில் ஆறு இணைகளையும் சுட்டுவிரலே உண்மையாகப் பிடித்தாக வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் ஐந்து அல்லது ஏழு இணைகள் வெறும் தந்திகளாகவே மீட்டப்படுபவை, அவற்றை நோக்கி விரல் நீளவே கூடாது.

பயிற்சி நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு மணி நேரம் தொடர்ந்து பார் பிடிப்பதைவிட, நாளின் வெவ்வேறு வேளைகளில் மூன்று முறை ஐந்தைந்து நிமிடங்கள் பிடிப்பது நல்லது. விரல் நுனித் தோல் எரிவது பழகப் பழகப் போய்விடும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். கட்டைவிரலின் அடியிலோ மணிக்கட்டின் உட்புறத்திலோ வலி தோன்றினால் அது வேறு. உடனே கையைத் தொங்கவிட்டு உதறி, அன்றைக்கு அந்தப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். மறுநாள் 5ஆம் மெட்டின் அரை பாருக்குத் திரும்பி, டொக் என்ற ஒலியிலிருந்து தெளிந்த சுரம் வரை அழுத்தத்தை ஏற்றும் அந்த முதல் பயிற்சியை மறுபடி செய்து பாருங்கள்.